பின்னிப்பிணைந்த ஃபோட்டான்களின் தளவிளைவை அளக்க எதை வாங்குவது?

தளவிளைவு (polarization) என்பது ஒளியலை அதிரும் திசை. 405 நானோமீட்டர் ஊதா டயோடு லேசர் மேசையில் உட்கார்ந்துவிட்டது. ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பி ஒட்டிய, லேசர் ஃபோட்டானை இரண்டாகப் பிரிக்கும் இரண்டு மெல்லிய பிபிஓ (பேரியம் போரேட்) படிகங்களும் வந்துவிட்டன. லேசரின் தளவிளைவை 45 டிகிரியில் வைத்தால் முதல் படிகமும் இரண்டாம் படிகமும் சம வாய்ப்போடு 810 நானோமீட்டர் ஜோடிகளைத் தருகின்றன. ஒரு படிகம் தருவது இரண்டும் கிடையாக இருக்கும் ஜோடி, மற்றது தருவது இரண்டும் நெடுக்காக இருக்கும் ஜோடி. எந்தப் படிகத்திலிருந்து வந்தது என்று தெரியாத வரை அவை பின்னிப்பிணைந்தவை, அதாவது தனித்தனி நிலை இல்லாமல் இரண்டும் சேர்ந்து ஒரே நிலையில் இருப்பவை. 1999-இல் இயற்பியலாளர் குவியாட்டும் கூட்டாளிகளும் காட்டிய இந்த ஏற்பாடுதான் இன்று கல்லூரி ஆய்வகங்கள் வரை வந்திருக்கிறது.

சரி, இப்போது டிடெக்டர்களுக்கு முன்னால் எதை வைப்பது? ஒரு தளவிளைவை மட்டும் விடும் சுழலும் போலரைசர் போதுமா, தளவிளைவைத் திருப்பும் அரை அலைத்தட்டும் தளவிளைவைப் பொறுத்து ஒளியை இரண்டாகப் பிரிக்கும் பிபிஎஸ் கட்டியும் வேண்டுமா, வட்டத் தளவிளைவை நேர்கோட்டுக்கு மாற்றும் கால் அலைத்தட்டையும் சேர்க்க வேண்டுமா, பிபிஎஸ்ஸின் இரண்டு வெளியீட்டையும் எண்ண வேண்டுமா? பட்டியலைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் போவது அணைப்பு விகிதத்துக்கு, அதாவது தவறான தளவிளைவு எவ்வளவு கசிகிறது என்ற எண்ணுக்கு. 1000-க்கு 1, 1,00,000-க்கு 1 என்று எண் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். என் கருத்தில் பணத்தை வீணாக்க இதுவே நேர்வழி. முடிவு செய்ய வேண்டியவை வேறு. கோணத்தை மாற்றும்போது கற்றை அசையாமல் நிற்கிறதா? வட்டத் தளவிளைவை (அதிரும் திசை சுழன்றுகொண்டே போகும் ஒளியை) அந்த ஏற்பாட்டால் பார்க்க முடிகிறதா?

முதலில் அணைப்பு விகிதக் கணக்கை முடித்துவிடலாம். தவறான தளவிளைவில் 100-க்கு 1 பங்கு கசியவிடும் சுமாரான போலரைசர் ஒன்றின் விசிபிலிட்டி (எண்ணிக்கையின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.98. இரு கைகளிலும் (இரு ஃபோட்டான்களின் பாதைகளிலும்) அதையே வைத்தால் 0.96. ஜோடி பின்னிப்பிணைந்ததா என்று பார்க்கும் பெல் சோதனையில், நான்கு கோண அமைப்புகளின் ஒத்திசைவைச் சேர்த்துக் கணக்கிடும் சிஎச்எஸ்எச் எஸ் மதிப்பின் உச்சம் 2.828, அதை 0.96-ஆல் பெருக்கினால் 2.72. மீற வேண்டிய எல்லையோ 2 மட்டுமே (எஸ் அதைத் தாண்டாது என்பதே பெல் சமனின்மை). 1000-க்கு 1 உள்ளதை வைத்தால் 2.82 கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் காசுக்குப் பெல் சோதனையில் பலனே இல்லை. 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் முதல் சோதனையைச் செய்தபோது வைத்திருந்தவை சாய்த்து அடுக்கிய கண்ணாடித் தகடுகள்தான். மேசைக்கு அடங்காத அந்தப் பெரிய சாதனத்தை வைத்தே சமனின்மை மீறப்படுவதைக் காட்டினார்கள்.

சுழலும் போலரைசர்

எளிய வழி இதுதான். டிடெக்டருக்கு முன்னால் சுழலும் பிடியில் ஒரு படல போலரைசர். காட்டும் கோணமே அளவிடும் கோணம். இரட்டிப்புக் கணக்கு எதுவும் இல்லை. இரு கைக்கும் இரண்டு துண்டு, இரண்டு டிடெக்டர், வேலை முடிந்தது. மாணவர்களுக்குக் கருத்தைப் புரியவைக்க இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் எந்தப் படலம் என்பதில் கவனம் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் கிடக்கும் சாதாரணப் போலராய்டு தாள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. 810 நானோமீட்டரில் அது இரண்டு தளவிளைவையும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். கேமரா கடையில் விற்கும் வடிகட்டிக்கும் இதே கதி. போதாக்குறைக்கு அதன் பின்பக்கம் ஒரு கால் அலைத்தட்டும் ஒட்டியிருக்கும். குறுக்காக வைத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் படிகத்தைச் சந்தேகிக்கும் முன் போலரைசரைச் சந்தேகியுங்கள். வாங்குவதானால் அண்மை அகச்சிவப்புக்கென்றே செய்தது வேண்டும். நீட்டப்பட்ட வெள்ளி நுண்துகள்கள் பதித்த கண்ணாடி வகைகள் இந்த அலைநீளத்தில் அருமையாக வேலை செய்யும்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. போலரைசர் சுழலும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, அதன் இரு முகங்களும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் வெளிவரும் கற்றை சின்ன வட்டம் போடும். பெரிய டிடெக்டர் பரப்போ, அகன்ற மையமுள்ள பல்முறை ஒளியிழையோ இருந்தால் இது பொருட்டில்லை. மிகக் குறுகிய மையமுள்ள ஒற்றைமுறை இழைக்குள் ஒளியைச் செலுத்தினால் கதை மாறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள 810 நானோமீட்டர் கற்றை வெறும் 20 ஆர்க் விநாடி (ஓர் ஆர்க் விநாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) விலகினாலே இழைக்குள் போகும் ஒளி சுமார் 13% குறைந்துவிடும். கோணத்தைப் பொறுத்து எண்ணிக்கை ஏறி இறங்குவதுதான் நாம் தேடும் சைகை. அதே ஏற்ற இறக்கத்தைக் கண்ணாடியின் கோணலும் தருகிறது என்றால் எதை நம்புவது?

இரண்டு, வெளிவரும் ஒளியின் தளவிளைவும் போலரைசரோடு சேர்ந்து சுழல்கிறது. அதற்குப் பின்னால் சாய்ந்த வடிகட்டி, 45 டிகிரிக் கண்ணாடி என்று எது இருந்தாலும் அது ஒவ்வொரு கோணத்துக்கும் வேறுவேறு அளவு ஒளியை அனுப்பும்.

முதல் குறையைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. போலரைசரை ஒரு கோணத்தில் வைத்து எண்ணுங்கள். அப்புறம் சரியாக 180 டிகிரி திருப்பி எண்ணுங்கள். தளவிளைவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. எண்ணிக்கை வேறுபட்டால் குற்றவாளி கண்ணாடியின் கோணல்தான்.

அரை அலைத்தட்டும் அசையாத பிபிஎஸ்ஸும்

இங்கே பிபிஎஸ் கட்டி நட்டது நட்டபடி நிற்கும். அதற்கு முன்னால் உள்ள அரை அலைத்தட்டு மட்டும் சுழலும். தட்டைச் சுழற்றினால் ஒளியின் தளவிளைவு இரு மடங்கு கோணம் திரும்பும். பிபிஎஸ் எப்போதும் கிடைப் பகுதியை மட்டும் நேராக அனுப்பும். ஆகவே எந்தக் கோணத்தை அளந்தாலும் பிபிஎஸ்ஸுக்குப் பின்னால் போவது ஒரே தளவிளைவு. பின்னால் இருக்கும் வடிகட்டிக்கும் இழைக்கும் டிடெக்டருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியாது. மெருகேற்றிய நல்ல குவார்ட்ஸ் தட்டுகளின் கோணல் சில ஆர்க் விநாடிக்குள் அடங்கும் என்பதால் கற்றையும் பெரிதாக அலைவதில்லை. ஒற்றைமுறை இழை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இதற்கு வரலாம்.

பெல் சோதனைக்கு வேண்டிய கோணங்கள் ஒரு பக்கம் 0, 45, மறுபக்கம் 22.5, 67.5. தட்டில் வைக்க வேண்டியவை இவற்றில் பாதி: 0, 22.5, 11.25, 33.75. தட்டில் 1 டிகிரி பிசகினால் அளவீட்டில் 2 டிகிரி பிசகும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் எஸ்ஸுக்கு இது பெரிய ஆபத்தில்லை. அந்தக் கோணங்களில் எஸ் மதிப்பு மலையுச்சியில் நிற்கிறது. உச்சியில் ஓரடி தள்ளி நின்றால் உயரம் அவ்வளவாகக் குறையாது. ஒரு கையின் இரு கோணங்களும் 2 டிகிரி தப்பினாலும் 2.828 என்பது 2.821 ஆகும், அவ்வளவுதான். பல அளவீடுகளிலிருந்து நிலை முழுவதையும் மீட்டெழுதும் டோமோகிராஃபிக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கோணப் பிசகு நேராக விடையில் போய் உட்காரும்.

அலைத்தட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பூஜ்ய வரிசையா (இரு அச்சுக் கூறுகளும் வெறும் அரை அலை விலகுவது), பல வரிசையா (அதோடு பல முழு அலைகளும் சேர்ந்து விலகுவது)? விலை குறைவென்று பல வரிசைத் தட்டை எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். குவார்ட்ஸில் இரு அச்சுகளின் ஒளிவிலகல் எண் வேறுபாடு இந்த அலைநீளத்தில் சுமார் 0.009. 1 மில்லிமீட்டர் தடிமன் தட்டில் இரு கூறுகளும் ஏறத்தாழ 11 அலைநீளம் விலகிவிடும். நம் ஃபோட்டான்களோ ஒற்றை அலைநீளத்தில் வருபவை அல்ல. வழக்கமான 10 நானோமீட்டர் அகல வடிகட்டி வழியாக வருகின்றன. அந்த அகலத்தில் 11 அலை என்பது ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 0.13 அலை மாறும். ஓரத்தில் இருக்கும் ஃபோட்டான்களில் 4% வரை தவறான பக்கம் போகலாம். பூஜ்ய வரிசைத் தட்டில் இந்த மாற்றம் 0.006 அலை மட்டுமே. லேசர் கற்றைக்குப் பல வரிசைத் தட்டு தாராளமாகப் போதும். படிகத்திலிருந்து வரும் ஜோடிகளுக்கு வேண்டாம். ஒரே தட்டை அகன்ற பட்டைக்குப் பொருத்தமாக்கும் வித்தை 1955-லேயே பெங்களூரில் பஞ்சரத்தினம் எழுதியது: ஒரே பொருளில் செய்த பல தட்டுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்குவது. அந்த அளவுக்கு நமக்கு இங்கே தேவையில்லை.

கால் அலைத்தட்டு இல்லாமல் தெரியாதது

மேலே சொன்ன இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இரண்டும் நேர்கோட்டுத் தளவிளைவை மட்டுமே பார்க்கும். கல்லூரி ஆய்வகத்தில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது என்பேன்.

நம் ஜோடிகளின் நிலை கிடை-கிடை என்பதும் நெடு-நெடு என்பதும் ஒருசேர இருக்கும் மேற்பொருந்தல் (superposition). அவற்றுக்கு இடையே ஒரு கட்ட (phase) வேறுபாடு, அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது என்ற அளவு, இருக்கிறது. இரு படிகங்களின் தடிமன், சாய்வு, வழியில் உள்ள கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து அதை நிர்ணயிக்கும். அது தற்செயலாக 90 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 0, 90 டிகிரியில் அளந்தால் இரு கைகளும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும். 45 டிகிரிக்குத் திருப்பினால் ஒத்திசைவு அடியோடு காணாமல் போகும். விசிபிலிட்டி பூஜ்யம். போலரைசர் மட்டும் வைத்திருப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? பின்னல் இல்லை, கிடை-கிடை ஜோடிகளும் நெடு-நெடு ஜோடிகளும் தனித்தனியாகக் கலந்த வெறும் கலப்பு நிலை, படிகத்தில் கோளாறு என்றுதான். ஆனால் நிலை முழுமையாகப் பின்னிப்பிணைந்தே இருக்கிறது. ஒரு கையில் 45 டிகிரியையும் மறு கையில் வட்டத் தளவிளைவையும் அளந்தால் தொலைந்த ஒத்திசைவு அப்படியே அங்கே இருக்கும். இன்னும் எளிதாக, ஒரு கையில் மட்டும் கால் அலைத்தட்டை அச்சு 0 டிகிரியில் நிறுத்தினால் அந்த 90 டிகிரி ஈடாகி, 45 டிகிரி அளவீட்டிலேயே ஒத்திசைவு திரும்பி வந்துவிடும்.

கட்ட வேறுபாடு 60 டிகிரியாக இருந்தால் இன்னும் ஏமாற்றும். 45 டிகிரியில் விசிபிலிட்டி பாதியாகத் தெரியும், எஸ் 2.12 வரும், சமனின்மையும் மீறப்படும். ஆள் திருப்தியாகப் போய்விடுவார். லேசர் பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் தட்டை மெல்லச் சாய்த்திருந்தால் 2.7-ஐத் தொட்டிருக்கலாம் என்பது கால் அலைத்தட்டு இருந்தால்தான் உறைக்கும். நிலை கலங்கியிருக்கிறதா, வெறுமனே கட்டம் நகர்ந்திருக்கிறதா என்ற வேறுபாட்டைச் சொல்ல நேர்கோட்டு அளவீடுகளால் முடியாது. இதற்காகவே ஒவ்வொரு கையிலும் கால் அலைத்தட்டு, அரை அலைத்தட்டு, பிபிஎஸ் என்ற மூவர் கூட்டணியைப் பரிந்துரைக்கிறேன். 2001-இல் ஜேம்ஸ், குவியாட், மன்ரோ, வைட் நால்வரும் விளக்கிய டோமோகிராஃபி முறைக்கும் இதே கூட்டணிதான் அடிப்படை. 16 அமைப்புகளில் எண்ணிவிட்டால் இரு ஃபோட்டான் நிலை முழுவதையும் மீட்டு எழுதலாம்.

தட்டுகளின் வரிசையில் ஒளி முதலில் சந்திப்பது கால் அலைத்தட்டாக இருப்பது வழக்கம். மாற்றி வைத்தாலும் எந்தத் தளவிளைவையும் அளக்க முடியும். கோணச் சூத்திரம் மட்டும் மாறும். ஆகவே எந்த வரிசையில் வைத்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

இங்கே ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. எந்தத் தளவிளைவு மாற்றத்தையும் இரண்டு கால் அலைத்தட்டும் ஒரு அரை அலைத்தட்டும் இருந்தால் செய்துவிடலாம் என்று 1990-இல் காட்டியவர்கள் சென்னைக் கணிதவியல் அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமனும் பெங்களூரின் முகுந்தாவும். அப்படியானால் அளக்க ஏன் இரண்டு தட்டே போதும்? அளவீட்டில் ஒரு நிலையைப் பிபிஎஸ்ஸின் அச்சுக்குக் கொண்டுவந்தால் சரி. அப்புறம் மிச்சமிருக்கும் கட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் உங்கள் ஃபோட்டான்கள் நீண்ட இழை வழியாக வந்து அதன் பிறகே அளக்கப்படுகின்றன என்றால் மூன்று தட்டும் வேண்டும், இல்லையேல் இழையைச் சுற்றிய மூன்று துடுப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இழை தளவிளைவைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பியிருக்கும்.

ஒரு வெளியீடா, இரண்டா

பிரான்சின் ஆஸ்பெக்ட் குழு 1981-இல் செய்த முதல் பெல் சோதனை ஒற்றை வெளியீடு: ஃபோட்டான் போலரைசரைக் கடந்தால் எண்ணுவது, கடக்காததை விட்டுவிடுவது. 1982-இல் கட்டி வடிவப் பிரிப்பான்களை வைத்து இரு வெளியீட்டையும் எண்ணினார்கள், எஸ் 2.697 கிடைத்தது. பிழை எல்லை 0.015 மட்டுமே. எண்ணிக்கைகளுக்கு இடையே ஒப்பீடு அந்த அளவீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதுதான் இந்த வழியின் பலம். லேசர் திறன் பத்து நிமிடத்தில் கொஞ்சம் சரிந்தாலும் நான்கு கோயின்சிடென்ஸ் (இரு கைகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்) எண்ணிக்கையும் சேர்ந்தே சரியும். ஒற்றை வெளியீட்டில் சிஎச்எஸ்எச்சுக்கு 16 தடவை தட்டைத் திருப்பி எண்ண வேண்டும். அந்த நேரம் முழுக்க ஜோடிகளைத் தரும் மூலம் மாறாமல் இருக்க வேண்டும். இரு வெளியீட்டில் 4 அமைப்பு போதும். டோமோகிராஃபிக்கு 9 அமைப்பிலேயே 36 எண்ணிக்கை வந்துவிடும்.

விலை எங்கே என்றால் டிடெக்டரில். ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர் ஒவ்வொன்றும் சில லட்ச ரூபாய். இரண்டுக்குப் பதில் நான்கு வாங்க வேண்டும். நான்கின் திறனும் ஒரே மாதிரி இருக்காது, அதையும் சரிக்கட்ட வேண்டும். ஒற்றை வெளியீட்டில் அந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் எல்லா அமைப்பையும் எண்ணுவது அதே டிடெக்டர்.

இன்னொரு சங்கதி. பிபிஎஸ் கட்டியின் நேர் வெளியீடு சுத்தமானது. 1000-க்கு 1 சாதாரணம். பக்கவாட்டில் எதிரொளிக்கும் வெளியீட்டில் கிடைத் தளவிளைவு 5% வரை கலந்து வரக்கூடும். பட்டியலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண் நேர் வெளியீட்டுக்கானது. 5% கசிவோடு இரு வெளியீட்டையும் எண்ணினால் எஸ் 2.54 அளவில் நின்றுவிடும். பெல் சோதனைக்கு அதுவும் போதும். நல்ல டோமோகிராஃபிக்குப் போதாது. பக்கவாட்டு வெளியீட்டில் இன்னொரு போலரைசரைத் தடுப்பாக வைத்தால் கசிவு வெட்டுப்படும், ஆனால் அந்த 5% ஃபோட்டான்கள் தொலைந்தே போகும். வாலஸ்டன் பட்டகமும் கால்சைட் விலக்கியும் இரு வெளியீட்டையும் சுத்தமாகத் தரும். வாலஸ்டன் கோணத்தில் பிரிக்கும். கால்சைட் விலக்கி இரண்டு கற்றைகளையும் இணையாகவே வெளியே விடும். இடைவெளி நீளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 30 மில்லிமீட்டர் படிகத்துக்கு 3 மில்லிமீட்டர் கிடைக்கும். இரண்டு டிடெக்டரின் இழைப் பிடிகளை அந்த இடைவெளியில் நெருக்கி வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனக்கு வாலஸ்டன் பிடிக்கும்.

வேகமாக மாற்ற வேண்டுமானால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது. ஃபோட்டான் பறக்கும்போதே கோணத்தைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது இடச்சார்பு ஓட்டையை (ஒரு பக்கத்துத் தேர்வு மறுபக்கத்துக்கு முன்பே எட்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தை) அடைப்பவர்களின் கவலை. 1998-இல் இன்ஸ்பிரக்கில் வைஸ் குழு 400 மீட்டர் தூரத்தில் மின்-ஒளியியல் மாற்றிகளால் அதைச் செய்தது. 2015-இல் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் பாக்கெல்ஸ் செல்களோடு (மின்னழுத்தத்தால் தளவிளைவை வேகமாக மாற்றும் படிகங்கள்) முக்கிய ஓட்டைகள் எல்லாம் சேர்ந்தே அடைபட்டன. அந்தச் சோதனைகளில் மட்டும் படல போலரைசரில் தொலையும் 10, 15 சதவீத ஒளி உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் மொத்தத் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தாக வேண்டும். மேசைச் சோதனையில் நாம் பிடித்த ஜோடிகளை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறோம். அங்கே இழப்பு என்பது கூடுதல் காத்திருப்பு மட்டுமே. பாக்கெல்ஸ் செல்லுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஓட்டி வேண்டும். கல்லூரிக்கு அது வேண்டாத வம்பு.

திரவப் படிகத் தட்டுகள் நடுவழி. சுழலும் பாகம் இல்லை, மின்னழுத்தத்தை மாற்றினால் தட்டின் கட்டம் மாறும், மில்லிவிநாடிகளில் முடியும். ஆனால் வெப்பநிலை மாறினால் அளவீட்டு அட்டவணையும் மாறும். குளிரூட்டி ஓடி நின்று ஓடும் அறையில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கணினி இயக்கும் சுழல் பிடியில் குவார்ட்ஸ் தட்டையே வைத்தால் மெதுவாக இருக்கும், நம்பகமாக இருக்கும். குவாண்டம் சாவிப் பகிர்வுக்கு (ஃபோட்டான்களால் ரகசியச் சாவியைப் பகிர்வதற்கு) போகிறவர்கள் இன்னொரு பாதையைப் பார்க்கலாம்: பாதிக்குப் பாதி பிரிக்கும் சாதாரணக் கற்றைப் பிரிப்பானே எந்தக் கோணத்தில் அளப்பது என்பதைத் தற்செயலாகத் தீர்மானிக்கும். ஒரு பாதையில் பிபிஎஸ், மறு பாதையில் 22.5 டிகிரியில் நிறுத்திய அரை அலைத்தட்டும் பிபிஎஸ்ஸும். எதுவும் சுழலாது, ஆனால் ஒரு பக்கத்துக்கே நான்கு டிடெக்டர்.

எதை எடுப்பது

பல்முறை இழையும் இரண்டு டிடெக்டரும் மட்டும் இருந்து, எம்எஸ்சி மாணவர்களுக்குப் பெல் சமனின்மையைக் காட்டுவதே நோக்கம் என்றால் அகச்சிவப்புப் படல போலரைசர் இரண்டோடு, ஒரே ஒரு கால் அலைத்தட்டையும் சேர்த்து வாங்குங்கள். கட்டம் நகர்ந்திருந்தால் கண்டுபிடிக்க அந்த ஒன்று போதும். மூலத்தை மேம்படுத்தி ஆய்வுக் கட்டுரை வரை போகும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு கைக்கும் பூஜ்ய வரிசைக் கால், அரை அலைத்தட்டுகளும் பிபிஎஸ்ஸும். இப்போதைக்கு நேர் வெளியீட்டை மட்டும் எண்ணுங்கள். பக்கவாட்டில் இடம் விட்டுப் பொருத்தினால் டிடெக்டருக்கு நிதி வரும்போது கட்டியை எடுத்துவிட்டு வாலஸ்டனை வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது அலைநீள வடிகட்டிகளையும் 45 டிகிரிக் கண்ணாடிகளையும் பிபிஎஸ்ஸுக்குப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் இருந்தால் கட்டத்தைக் கலைத்துவிடும். தட்டுகளின் பூஜ்யத்தைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். லேசரின் தளவிளைவை ஒரே படிகத்தை மட்டும் தூண்டும் நிலைக்குத் திருப்பினால் சுத்தமான கிடை-கிடை ஜோடி வரும். இரு தட்டுகளும் 0 டிகிரி அச்சில் சரியாக நின்றால்தான் பிபிஎஸ்ஸின் நேர் வெளியீட்டில் எண்ணிக்கை உச்சமாகும். உச்சத்தைத் தேடுவதைவிட அரை அலைத்தட்டை 45 டிகிரிக்குத் திருப்பி அடிமட்டத்தைத் தேடுவது துல்லியம். அங்கே எஞ்சும் எண்ணிக்கையிலிருந்து தற்செயல் கோயின்சிடென்ஸைக் கழிக்க மறக்க வேண்டாம். ஒவ்வொரு கையிலும் விநாடிக்கு 50,000 எண்ணிக்கை, ஒரே நேரம் என்று கொள்ளும் சாளரம் 5 நானோவிநாடி என்றால் தற்செயலாகவே விநாடிக்கு 12 அல்லது 13 ஜோடி வந்துகொண்டிருக்கும்.